அந்த மூன்று பேர் சாப்பிட்டார்களா?

குளித்தலை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். இரண்டாவது முறை அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அதே போலப் பேசியே பதில் அனுப்பிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். இது எழுதினால்தான் வரும். எழுதி முடித்ததும் தம்பியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு படி. அவசரமில்லை.

உன் கேள்வி எனக்குப் புரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்து. உன் வார்டில் வேலை செய்யும் முஸ்லிம் அக்கா கூப்பிட்டு, மாதம் ஒருமுறை கூடும் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறாய். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பத்துப் பன்னிரண்டு பேர். மூன்று வேதங்களிலிருந்தும் ஒரே விஷயத்தைப் பற்றிய சின்னப் பகுதிகளை எடுத்து வைத்துச் சேர்ந்து படிக்கிறீர்கள், கேள்வி கேட்கிறீர்கள். உனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் உன் செபக்குழுவில் ஒரு சகோதரி, "இயேசு ஒருவரே வழி என்று நம்புகிறவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு தோழி, "எல்லா மதமும் ஒன்றுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். இரண்டும் உன் மனதில் ஒட்டவில்லை. சரிதானே?

போ கண்ணு. தாராளமாகப் போ. யாரிடமும் மறைக்கவும் வேண்டாம். ஆனால் உன் தோழி சொன்ன காரணத்துக்காகப் போகாதே. எல்லாம் ஒன்றுதான் என்றால் அந்த அக்காவிடம் நீ கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அவர் ஐந்து வேளை தொழும்போது மனதில் என்ன ஓடுகிறது, நற்கருணை வாங்கித் திரும்பும்போது உன் கண் ஏன் கலங்குகிறது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வரி பதிலாகிவிடும். அன்பினால்தான் பலர் அதைச் சொல்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களில் எத்தனையோ சண்டைகளை அந்த வாக்கியம் தடுத்திருக்கிறது, அதற்கு நான் நன்றி உள்ளவள். இருந்தாலும் அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துபோகிறது.

போன முறை நீங்கள் படித்தது ஆபிரகாமின் விருந்து என்றாய். அதைக் கேட்டதும் விவிலியத்தில் தொடக்கநூல் 18-ஆம் அதிகாரத்தை எடுத்து மறுபடி படித்தேன். மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பகுதி. நல்ல வெயில் நேரம். மம்ரே மரங்களுக்குப் பக்கத்தில் கூடார வாசலில் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் எதிரே நிற்கிறார்கள். ஓடிப்போய்த் தரையில் விழுந்து வணங்குகிறார், கால் கழுவத் தண்ணீர் தருகிறார், சாராவை மாவு பிசைந்து அப்பம் சுடச் சொல்கிறார், இளங்கன்றைச் சமைக்கக் கொடுக்கிறார். வெண்ணெயும் பாலும் சேர்த்துப் பரிமாறிவிட்டு மரத்தடியில் நிற்கிறார். அவர்கள் சாப்பிட்டார்கள். அந்தச் சொல்லில் நான் ஒருநாளும் நின்றதில்லை. விருந்து வைத்தால் சாப்பிடுவார்கள், அதில் என்ன இருக்கிறது என்று அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன்.

அப்புறம் மளிகைக்கடை பாய் வீட்டுக்குப் போய் குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பை இரவல் கேட்டேன். பாயின் மனைவி கை கழுவி வந்து எடுத்தார். நானும் கை கழுவிக்கொண்டு வாங்கினேன். நீ சொன்ன 11-ஆம் அத்தியாயத்தையும் 51-ஆம் அத்தியாயத்தையும் படித்தேன். அதே விருந்தாளிகள், அதே கன்று. ஆனால் அவர்களுடைய கை உணவுப் பக்கம் போகவில்லை. இப்ராஹீமுக்குப் பயம் வந்துவிடுகிறது. நம் உப்பைத் தின்னாத விருந்தாளி என்ன எண்ணத்தோடு வந்திருக்கிறானோ என்ற பயம்தானே அது? அப்போது அவர்கள், பயப்படாதீர்கள் என்று சொல்லி, தாங்கள் அனுப்பப்பட்டவர்கள் என்பதை வெளிப்படுத்துகிறார்கள்.

உங்கள் வட்டத்து யூதப் பெரியவர், அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலான தல்மூத்திலிருந்து எடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர்களுடைய வேத ஆசிரியர்களான ரபிமார் எப்போதோ இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மோசே கடவுளிடம் மேலே போனபோது அப்பம் சாப்பிடவில்லை. வானதூதர்கள் கீழே வந்தபோது சாப்பிட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர் வழக்கத்தை மீறக் கூடாது என்பதற்காக. சொன்ன கையோடு அவர்களே கேட்கிறார்கள்: நிஜமாகவே சாப்பிட்டார்களா என்ன? இல்லை, சாப்பிடுவது போல் தெரிந்தது.

பார், ஒரே கன்றுக்குட்டி. மூன்று வீட்டிலும் அது வேறு வேறு விதமாக வேகிறது. குர்ஆன் வசனத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் சொந்த வேதத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியிருக்காது. உன் செபக்குழுச் சகோதரியிடம் நீ சொல்ல வேண்டியது இதைத்தான். அடுத்தவருடைய வேதம் என் வேதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் வேகமாகக் கடந்துபோன இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தியது.

ஆனால் உன்னிடம் ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. ஆதித் திருச்சபைத் தந்தையர் சிலர் இந்த மூவரில் தந்தை, மகன், ஆவி என்ற மூவொரு கடவுளின் சாயலைக் கண்டார்கள். அது உனக்குத் தெரியும், சின்ன வயதில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அதைச் சொல்ல வாயெடுத்து, அந்த அக்காவுக்கும் பெரியவருக்கும் சங்கடமாக இருக்குமே என்று விழுங்கிவிட்டேன் என்றாய். அதைத்தான் நீ செய்யக் கூடாது. ஏன் என்று சொல்ல எனக்கு ஒரு பழைய கதை வேண்டும்.

எனக்கு எட்டு வயது. தாத்தா அப்போது பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார். எதிர்வீட்டுப் பெரியம்மா சைவம், பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொழுக்கட்டை தருவார். "கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள், வாயில் போடாதே, படைத்தது" என்று தாத்தா சொல்லி அனுப்பினார். நான் வாங்கி, மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டே போய்ப் பூவரச மரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டேன். பெரியம்மா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் சதுர்த்தியன்று காலையில் ஒரு தூக்கு வந்தது. "இது தனி அடுப்புல, தனிப் பாத்திரத்துல செஞ்சது, படைக்கல, உங்கப்பாகிட்ட சொல்லிட்டுச் சாப்பிடு" என்றார். படைப்பதற்கு முன் வாயில் வைப்பதே தோஷம் என்று இருக்கும் வீடு அது. அதனால்தான் தனி அடுப்பு. விடிவதற்கு முன் எழுந்து இரண்டு தடவை மாவு கிளறியிருக்கிறார். தாத்தா அந்தத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வாழைத்தாரும் கற்கண்டும் போயிற்று. நம் சமையலறையில் கறி வேகும், அவர்கள் நம் கையால் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள் என்பது தாத்தாவுக்குத் தெரியும்.

நான் மென்றது போல் நடித்த வருடத்தில் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்பது தெரிந்த பிறகுதான் தனி அடுப்பு எரிந்தது.

தாத்தா மாறியது ஒரே நாளில் இல்லை. அவருடைய ஞானோபதேச நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பழக்கப்படி, இந்துக்களைக் குறிக்க "அஞ்ஞானிகள்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார். பிறகு ஒருநாள் பென்சிலால் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்திருக்கிறார். உபதேசியார்களுக்கான வகுப்புக்குத் திருச்சி போய் வந்த பிறகு. அங்கே அவர்களுக்கு வாசித்துக் காட்டியது, 1965 அக்டோபர் 28-ஆம் தேதி, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏடு. 2,221 ஆயர்கள் சரி என்றும் 88 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். சங்கத்தின் ஏடுகளிலேயே சின்னது, ஐந்தே பிரிவு.

அது எப்படித் தொடங்கியது தெரியுமா? ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர். யூதர். மனைவியையும் மகளையும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்தவர். கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக யூதர்களைப் பற்றிச் சொல்லிவந்த பொய்களை எழுதி எடுத்துக்கொண்டு, 1960 ஜூனில் பாப்பரசர் 23-ஆம் அருளப்பரைப் போய்ப் பார்த்தார். யூதர்களைப் பற்றி மட்டும் எழுதத் தொடங்கிய ஏடு, விவாதம் வளர வளர இஸ்லாம், இந்து சமயம், பௌத்தம் என்று விரிந்தது. மனைவியையும் மகளையும் இழந்த ஒரு மனிதர் வந்து கதவைத் தட்டியதில் தொடங்கியது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. நமக்குப் பெருந்தன்மை வந்து நாமாகத் திறந்த கதவு அல்ல அது.

அந்த ஏட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை, எல்லா மனிதருக்கும் ஒளி தரும் உண்மையின் கதிர் அவற்றிலும் வீசுகிறது என்பது ஒன்று. கிறிஸ்துவே வழியும் உண்மையும் வாழ்வும் என்று அறிவிக்க வேண்டியது தன் கடமை என்பது மற்றது. உன் தோழி முதலாவதை எடுத்துக்கொள்வாள், சகோதரி இரண்டாவதை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமே அப்படித்தான் இருக்கிறது. வாக்கு மனிதர் ஆனார், அவரே எல்லாருக்கும் ஒளி. எல்லாருக்கும் என்றால் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும்தான். அந்த ஒளி அவரிடம் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழி, அவரிடமே கேட்பது. இயேசுவின் மேல் உள்ள விசுவாசம்தான் என்னை அந்தத் திண்ணைக்கு அனுப்புகிறது.

திண்ணையில் எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று நினைக்காதே. நான் பி.ஏ. படிக்கும்போது ஒரு மாலையில் இந்த ஏட்டைப் பற்றிப் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதை எங்க அருணந்தி சிவாசாரியார் எப்பவோ சொல்லிட்டாரே" என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரிலிருந்து பாடினார்.

"யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே
மாதொரு பாகனார் தாம் வருவர்"

நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்த உருவில் வருகிறவன் உமையொரு பாகன்தான். பாட்டின் மீதியையும் மறைக்காமல் சொன்னார். மற்றத் தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், வேதனைப்படும். இவை இல்லாதவன் சிவன் ஒருவனே, அவனே அறிந்து அருள் செய்வான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பிறந்து, வேதனைப்பட்டு, இறந்தவர்தானே என் ஆண்டவர். அவர் பெரியம்மாவுக்குச் சிவனுடைய ஒரு வேடம். நான் அறியாமலே ஒரு சிவபக்தை. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைத்தது. நல்ல மனதோடு வாழும் பிற சமயத்தார் தங்களுக்கே தெரியாமல் கிறிஸ்துவின் அருளில் இருக்கிறார்கள் என்று கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இயேசுசபை இறையியலார் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் பெரியம்மாவிடம் பேசப் போனேன். அவரைப் பெயரில்லாத கிறிஸ்தவராக்கி என் வீட்டுக்குள் அழைத்தேன், அவர் என்னைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்.

இது தப்பா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. வா என்று கூப்பிடுகிறவர் தன் வீட்டைத்தானே காட்ட முடியும். ஆனால் அந்த விருந்தோம்பலின் கூரை என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். பெரியம்மா பாட்டின் பின்பாதியை விழுங்கியிருந்தால் எனக்கு முகம் சுண்டியிருக்காது, இத்தனை வருடம் அதை யோசித்திருக்கவும் மாட்டேன்.

நீங்கள் கூடுகிற முறை எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1990-களில் பீட்டர் ஓக்ஸ் என்ற யூத அறிஞரும், டேவிட் ஃபோர்ட், டேனியல் ஹார்டி என்ற ஆங்கிலிக்கன் இறையியலாளர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. பிறகு முஸ்லிம் அறிஞர்களும் வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பிடித்தது, உள்ளே வரும் முன் எல்லோரும் ஒரே அஸ்திவாரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்காததுதான். தெருவில் பந்தல் போடுகிற மாதிரி, அவரவர் வீட்டுக் கம்பைக் கொண்டுவந்து நட்டால் போதும். உன் கம்பு யோவான் நற்செய்தி. அந்த அக்காவின் கம்பு குர்ஆன் 5:48 ஆக இருக்கலாம். இறைவன் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், உங்களுக்குத் தந்ததில் உங்களைச் சோதிக்கவே இப்படி, ஆகவே நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள் என்கிற வசனம். பாய் வீட்டம்மாதான் காட்டினார். யூதப் பெரியவரிடம் கேட்டால் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பள்ளியாரின் சண்டையைச் சொல்வார். மூன்று வருடம் வாதாடினார்கள். இரண்டும் உயிருள்ள கடவுளின் வார்த்தைகளே, ஆனால் தீர்ப்பு ஹில்லேல் பக்கம் என்று வானத்திலிருந்து குரல் வந்தது. காரணம், ஹில்லேல் பக்கத்தார் சாந்தமானவர்கள், எதிராளியின் கருத்தையும் கற்றுக்கொடுத்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்பே சொன்னார்கள்.

இதையே நான் மறைக்கல்வியில் வேறு மாதிரி சொல்வேன். எட்டாம் கட்டளை என்ன? பொய்ச்சாட்சி சொல்லாதே. வழக்கு மன்றத்துக்கு மட்டும் இல்லை. அடுத்தவருடைய விசுவாசத்தைப் பற்றி நீ சொல்வதை அவர் கேட்டால், "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீ பொய்ச்சாட்சி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் போதகர் சீகன்பால்க் அப்படிக் கேட்டு எழுதினார். நம் மக்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி அவர்களிடமே விசாரித்துப் பெரிய நூலாக எழுதி 1713-இல் ஜெர்மனியில் உள்ள ஹாலேக்கு அனுப்பினார். சிலை வழிபாட்டை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அந்தக் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்ற விதமாக அங்கிருந்து பதில் வந்தது. நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். அவர் மதம் பரப்ப வந்தவர்தான், நம் வழிபாட்டைக் கடுமையாகக் குறை சொன்னவரும்தான். ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி எழுத முயன்றார். உன் செபக்குழுவில் முகம் சுளித்தால் மனம் உடையாதே. சொந்த வீட்டார் அப்படித்தான் முதலில் சுளிப்பார்கள்.

அவர்கள் பயம் அர்த்தமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். உனக்கே உள்ளே ஒரு பயம் இருக்கிறது, பதிவில் உன் குரலில் கேட்டது. நான் மாறிவிடுவேனோ என்ற பயம். மாறுவாய். நம் ஊர்ப் பக்கத்திலேயே அதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறேன், காவிரிப் படித்துறையில் விளையாடியது நினைவிருக்கும். 1950 மார்ச் 21-இல் அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், ஜூல் மொன்ஷானினும் ஹென்றி லெ சோவும். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர் வைத்தார்கள். சத்து, சித்து, ஆனந்தம் மூன்றும் தந்தை, மகன், ஆவியைச் சொல்ல ஏற்ற சொற்கள் என்று நம்பினார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தபின் அந்த மலை அவரை விடவில்லை, குகைகளில் போய்ப் பல வாரம் மௌனமாக இருந்தார். இரண்டில்லை என்ற அனுபவம் அவருக்கு நிஜமாயிற்று. கிறிஸ்துவும் நிஜமாகவே இருந்தார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதி எழுதித் தவித்தார், ஒன்றைப் பொய் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. மொன்ஷானினோ நாள் போகப் போக அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழமானது என்று கண்டார். ஒரே தோப்பில் இருந்த இரண்டு நண்பர்கள் இதில் விலகிப்போனார்கள். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. எனக்கு இருவரும் வேண்டும். போய்ப் பார்க்கிற துணிச்சல் ஒருவரிடம், பள்ளத்தைப் பள்ளம் என்று சொல்கிற நேர்மை மற்றவரிடம்.

அவர்களுக்குப் பின் 1968-இல் கேரளத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் வந்தார். எனக்குப் பதினைந்து வயதில் அத்தை என்னை அங்கே கூட்டிப் போனார். காவி கட்டிய ஆங்கிலேயச் சாமியார் தரையில் சம்மணம் போட்டுப் பூசை வைத்தார். காலை செபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. உபநிடதமும் மாணிக்கவாசகரும் சங்கீதமும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று கோயில் சுற்றும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த மூன்று வேளை அந்நியமாகப் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி என் நெற்றியைப் பார்த்துவிட்டு அழுதார்.

பாட்டி மட்டுமில்லை. 1980-களில் இந்துக்கள் சிலர் அந்த ஆசிரமத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். காவி எங்கள் துறவின் அடையாளம், ஓம் எங்கள் மந்திரம், அதைச் சிலுவையின் நடுவில் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, இது ஆள் பிடிக்கும் தந்திரம் இல்லையா என்று. எனக்குப் பிரியமான இடம் என்பதால் முதலில் கோபம்தான் வந்தது. இப்போது அந்தக் கேள்வியும் உரையாடலின் பாதி என்று நினைக்கிறேன். நாம் மரியாதை என்று நினைத்துச் செய்வது அவர்கள் வீட்டுச் சாமானை எடுப்பதாகத் தெரியலாம், அதைச் சொல்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. நீ போகும் வட்டத்தை ஒருபோதும் தூண்டிலாக நினைக்காதே. உன் ஆண்டவரைப் பற்றிக் கேட்டால் முழு மனதோடு சொல். அந்த அக்கா தன் நபியைப் பற்றிச் சொல்லும்போதும் அதே முழு மனதோடு கேள். கேட்டு முடித்த பிறகு அவர் முஸ்லிமாகவே வீட்டுக்குப் போவார். அதில் உனக்கு ஏமாற்றம் வந்தால், நீ எதற்காகப் போனாய் என்று உன்னையே கேட்டுப் பார்.

நீ புரிந்துகொண்டுவிட்டாய் என்றால் அது கடவுள் இல்லை என்று புனித அகுஸ்தீன் பிரசங்கம் செய்திருக்கிறார். உன் சகோதரிக்கு அவர் வார்த்தை பிடிக்கும், சொல்லிப் பார். நூற்றுவர் தலைவனைப் பார்த்து இயேசுவே வியந்தார், இஸ்ராயேலில்கூட இப்படிப்பட்ட நம்பிக்கையை நான் கண்டதில்லை என்றார். அந்த மனிதன் உரோமைப் படைக்காரன், அவன் வீட்டில் எந்தத் தெய்வச் சிலை இருந்ததோ. ஆண்டவர் அதை விசாரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நீ விழுங்கியதைச் சொல்லிவிடு. "எங்களில் சிலர் இந்த மூவரை இப்படி வாசித்தார்கள், இது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் என் வீட்டில் இப்படித்தான்" என்று. பெரியவர் தலையை ஆட்டி மறுக்கலாம். அந்த அக்கா, இறைவனுக்கு இணை வைக்கக் கூடாது என்பார். அவர் அதை எவ்வளவு அன்போடு நம்புகிறார் என்று அப்போதுதான் உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் பழகிய பிறகு கஷ்டமான வசனங்களையும் எடுங்கள். யோவான் 8-இல் யூதர்களைப் பற்றி வரும் கடுமையான வார்த்தையை அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ வாசிக்க வேண்டும். இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்கிற குர்ஆன் 4:157-ஐ உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அக்கா வாசிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள், முதல் வருடத்திலேயே வேண்டாம்.

எனக்காக ஒரு கேள்வியையும் கேட்டு எழுது. நம் விவிலியத்தில் பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைக் கேட்டுச் சாரா சிரிக்கிறாள். குர்ஆன் 11:71-இல் அவள் முதலில் சிரிக்கிறாள், செய்தி அப்புறம் வருகிறது. எதற்குச் சிரித்தாள்? பாய் வீட்டம்மாவிடம் கேட்டேன், பெரியவர்கள் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அந்த அக்கா என்ன சொல்கிறார் பார்ப்போம்.

அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாத்தாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பென்சில் கோட்டைப் பார். அடுத்த வாரம் உன் பக்கம் வருகிற பிள்ளையிடம் முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிடுகிறேன். வட்டத்துக்கும் கொஞ்சம் கொண்டுபோகலாம். கடலை எண்ணெயில்தான் சுடப்போகிறேன், ஆனால் நம் சமையலறையில் செய்ததைப் பெரியவர் சாப்பிடுவாரா, தெரியவில்லை. முதலிலேயே அவரிடம் கேட்டுச் சொல். முடியாது என்றால் அவருக்கு மட்டும் அங்கேயே நல்ல பழமாக வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா